கறுப்பு நகைச்சுவையா, இழவு நகைச்சுவையா?

சென்ற மாதம் ஒரு நூல் அறிமுகக் கூட்டத்தில் அமெரிக்க எழுத்தாளர் ஜோசப் ஹெல்லரின் ‘கேட்ச்-22’ நாவலைப் பற்றி ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். நன்றாகவே பேசினார்; ஆனால் மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை ‘கறுப்பு நகைச்சுவை’ என்ற தொடர் வந்து விழுந்துகொண்டே இருந்தது. சாவையும் கொடுமையையும் வைத்துச் சிரிக்கவைப்பதைக் குறிக்கும் ‘பிளாக் ஹியூமர்’ என்ற ஆங்கிலத் தொடரின் நேர் பெயர்ப்பு அது. பேச்சு முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி எழுந்து, “கதாநாயகன் கறுப்பினத்தவரா ஐயா?” என்று கேட்டார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்தத் தொடரைத் தமிழாகப் படித்தவர் அந்த அரங்கில் அவர் ஒருவர்தான்.

சொல்லின் வரலாறு சிறியது. ‘ஹியூமர்’ என்பதற்கு இலத்தீனில் ஈரம் என்று பொருள்; பிறகு உடலில் ஓடும் நீர்மங்களையும், அவற்றால் அமைவதாகக் கருதப்பட்ட மனப்போக்கையும், கடைசியில் நகைப்பையும் அது குறித்தது. அதன் முன்னால் கறுப்பு என்ற அடையை வைத்துப் பரப்பியவர் பிரெஞ்சுக் கவிஞர் ஆந்த்ரே பிரெத்தோன். 1940-இல் அவர் தொகுத்த நூலின் தலைப்பே அதுதான். 1965-இல் புரூஸ் ஜே ஃப்ரீட்மன் அதே தலைப்பில் அமெரிக்காவில் ஒரு தொகுப்பு கொண்டுவந்தார். ஜெர்மானியரிடம் இதற்கு முன்பே ‘தூக்குமர நகைச்சுவை’ என்ற சொல் இருந்தது. திங்கட்கிழமை காலையில் தூக்கிலிட அழைத்துச் செல்லப்படும் குற்றவாளி, “இந்த வாரம் நன்றாகத்தான் தொடங்குகிறது” என்று சொல்வதை உளப்பகுப்பாய்வாளர் ஃபிராய்டு 1905-இல் எழுதிய நூலில் எடுத்துக்காட்டுகிறார்.

சொல்லை விட்டுவிட்டுப் பொருளைப் பார்ப்போம். ஹெல்லர் இரண்டாம் உலகப் போரில் குண்டுவீச்சு விமானத்தில் 60 முறை பறந்தவர். அந்தப் போரை வைத்து எழுதிய நாவல் 1961-இல் வெளிவந்தது. அதில் டனீக்கா என்றொரு படை மருத்துவர் வருகிறார். பறப்பதென்றால் அவருக்கு நடுக்கம். ஆனால் பறப்பவர்க்குரிய படிப்பணத்தை இழக்க மனமில்லாததால், ஏறாத விமானங்களின் பயணிகள் பட்டியலிலும் தம் பெயரைச் சேர்த்துவைக்கச் செய்கிறார். அப்படிப் பெயர் சேர்ந்த ஒரு விமானம் மலையில் மோதி நொறுங்குகிறது. பட்டியலின்படி மருத்துவர் இறந்துவிட்டார். அவரோ கடற்கரையில் மற்றவர்களோடு நின்று அதே விபத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். தமக்கு உடம்பு சில்லிடுகிறது என்று அவர் முறையிட, அவருக்குக் கீழ்ப்பட்ட பணியாளர், தாங்கள் இறந்துவிட்டீர்கள், அதனால்தான் எப்போதும் குளிர்கிறது போலும் என்று மரியாதையாகச் சொல்கிறார். ஊரில் மனைவிக்கு ஓர் அச்சுக் கடிதம் போகிறது: தங்கள் கணவரோ மகனோ தந்தையோ சகோதரரோ கொல்லப்பட்டதற்கோ காயமுற்றதற்கோ காணாமல் போனதற்கோ வருந்துகிறோம் என்று, எதை அடிப்பது எதை விடுவது என்று யாரும் கவலைப்படாத படிவம். காப்பீட்டுப் பணம் குவிந்ததும், தான் உயிரோடிருப்பதாகக் கணவன் எழுதிய கடிதத்தைப் பொருட்படுத்தாமல், அவள் பிள்ளைகளோடு வேறு ஊருக்குக் குடிபோகிறாள். புதிய முகவரியைக்கூடத் தரவில்லை.

இதில் ஹெல்லரின் கைத்திறம் எங்கே இருக்கிறது என்றால், அவர் குரலை எங்குமே தாழ்த்தவோ உயர்த்தவோ இல்லை. தாலுகா அலுவலகத்துக் கோப்பு பேசுகிற நடையிலேயே ஒரு மனிதனை உயிரோடு புதைக்கிறார். சிரிப்பும் துக்கமும் அடுத்தடுத்து வருவதில்லை, ஒரே வாக்கியத்தில் வருகின்றன. இதற்கான தமிழ்ச்சொல் எதுவாயினும் இந்த ஒருமையை அது காட்ட வேண்டும்.

‘கறுப்பு நகைச்சுவை’ காட்டுகிறதா? முதலில், ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே தனக்கென ஒரு நீண்ட நகைச்சுவை மரபு உண்டு. அதைப் பற்றி எழுதுபவருக்கு இந்தத் தொடர் தேவைப்படும், அதை அவரிடமிருந்து பிடுங்குவது முறையன்று. இரண்டாவது, தமிழில் கறுப்புக்கு வேறு வேலைகள் உண்டு. ‘கறுப்பும் சிவப்பும் வெகுளிப் பொருள’ என்கிறது தொல்காப்பியத்தின் உரியியல். நிறத்தைக் குறிக்கவும் அவை உரியன என்று அடுத்தபடியாகத்தான் ஒப்புகிறது. அந்த வழியில் போனால் கறுப்பு நகைச்சுவை சினத்தில் சிரிப்பதாகும். ஹெல்லரிடம் சினம் உண்டு, ஆனால் அதை அவர் வாய்விட்டுச் சொல்வதே இல்லை. பாதிப் பேர் இதைக் ‘கருப்பு’ என்று வேறு அச்சிடுகிறார்கள். அந்தச் சொல்லுக்குப் பஞ்சம் என்ற பழம்பொருளும் இருப்பதால், நகைச்சுவைப் பஞ்சம் என்று ஒருவர் படித்தாலும் தடுக்க முடியாது.

கறுப்புப் பணம், கறுப்புச் சந்தை, கறுப்புப் பட்டியல் எல்லாம் தமிழில் நிலைத்துவிடவில்லையா என்று கேட்பார்கள். நிலைத்தன, ஆனால் முதல் இரண்டிலும் மறைவு என்ற பொருள் இருக்கிறது, மூன்றாவதில் விலக்கு என்ற பொருள் இருக்கிறது. டனீக்காவின் கதையில் மறைவானது எது? எல்லாம் பட்டப்பகலில், கையெழுத்தோடும் முத்திரையோடும் நடக்கிறது. நாட்டிய சாத்திரம் நகைச்சுவைக்கு வெண்மையையும் அச்சத்துக்குக் கருமையையும் நிறமாகச் சொல்கிறது என்பதை ஒரு நண்பர் எடுத்துக்காட்டி, வெள்ளையின் மேல் கறுப்பைப் பூசுவது பொருத்தம்தானே என்று வாதிட்டார். அழகான வாதம்தான். ஆனால் அந்தச் சாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாவல் வாசிக்கும் வாசகரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

‘இருண்ட நகைச்சுவை’ சொல்லுக்குச் சொல் மாற்றம், அவ்வளவுதான்; கவிதையில் இருண்மை என்றால் புரியாமை என்று நாம் பழகிவிட்டதால் குழப்பமும் கூடும். திரைப்பட விமர்சனத்திலோ ‘டார்க் காமெடி’ என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். துப்பாக்கியோடு ஒருவர் தடுக்கி விழுந்தால் போதும், அந்தப் பட்டம் கிடைத்துவிடுகிறது. ‘அவல நகைச்சுவை’ இவற்றைவிட மேல். ஆயினும் அவலச்சுவை என்பதைத் துன்பியலுக்கு ஆண்டு பழகியவர்களுக்கு, அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வரும் நாடகத்தையே அது நினைவூட்டும். பேச்சு வழக்கிலோ அவலமான நகைச்சுவை என்றால் எடுபடாத நகைச்சுவை. நம் மொழிபெயர்ப்பாளர்களிடம் எனக்குள்ள குறை இதுதான்: அகராதியில் சொல்லைத் தேடுகிறார்கள், பக்கத்து வீட்டில் அது எப்படிப் புழங்குகிறது என்று காது கொடுப்பதில்லை.

நான் ‘இழவு நகைச்சுவை’ என்றே எழுதிவருகிறேன். அழுகை பிறக்கும் நிலைக்களன்களைத் தொல்காப்பியர் ‘இளிவே இழவே அசைவே வறுமை’ என்று நான்காக வகுக்கிறார். நகைக்கும் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு தருகிறார். இழவின் நடுவில் எள்ளல் புகுவதுதான் நாம் பேசும் பொருள். இலக்கணத்தைவிட எனக்குப் பெரிய சான்று பேச்சுத் தமிழ். சாவு விழுந்த வீடு இழவு வீடு. மின்சாரம் போனாலும் “என்ன இழவோ”, படிவம் விளங்காவிட்டாலும் “ஒரு இழவும் புரியவில்லை”. சாவுக்கும் சலிப்புக்கும் ஒரே சொல்லைத் தந்து, இரண்டையும் ஒரே குரலில் சொல்லவைத்திருக்கிறது மொழி. ஹெல்லர் ஐந்நூறு பக்கத்துக்கு மேல் செய்திருப்பதும் அதுவே. ‘இழவுநகை’ என்று சுருக்கலாம் என்றால், துக்க வீட்டுக்கு யார் என்ன நகை அணிந்து வந்தார்கள் என்ற பேச்சாகிவிடும் என்பதால் அதைக் கைவிட்டேன்.

இந்தச் சொல்லை ஒரு மொழிபெயர்ப்பு நாவலின் பின்னட்டைக் குறிப்பில் எழுதிக்கொடுத்தேன். பதிப்பாசிரியர் தொலைபேசியில் அழைத்து, உள்ளே எத்தனை பேர் செத்தாலும் பரவாயில்லை, அட்டையில் ‘இழவு’ வேண்டாம், தை மாதம் புத்தகக் காட்சிக்கு வருகிறது, மங்கலமாக ஏதாவது போடுங்கள் என்றார். ‘கறுப்பு நகைச்சுவை’ என்றே அச்சாயிற்று.