சஸ்டெய்னபிலிட்டி: வகுப்பறைக்கு எந்தத் தமிழ்ச்சொல்?

காலநிலை மாற்றத்தைப் பள்ளியில் நடத்தப் போகிற எந்த ஆசிரியரும் சீக்கிரமே முட்டிக்கொள்கிற சொல் சஸ்டெய்னபிலிட்டி. தமிழில் இதற்கு நிலைத்தன்மை, நீடித்த வளர்ச்சி, பேண்தகைமை, வளங்குன்றாமை என்று பல சொற்கள் புழங்குகின்றன, இலங்கையில் நிலைபேறான அபிவிருத்தி என்கிறார்கள். எல்லாம் ஒன்றுதானே, ஏதோ ஒன்றை வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைகள் முதல் தடவை கேட்கும்போது சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் விஷயத்துக்குள் போகிறார்கள்.

மூலம் லத்தீன். 'சுப்' என்றால் கீழிருந்து, 'தெனேரே' என்றால் பிடித்தல். இரண்டும் சேர்ந்த சுஸ்தினேரே, விழாமல் கீழிருந்து தாங்கிப் பிடிப்பது. ஆனால் இன்று நாம் நினைக்கிற பொருள் அந்த வேரிலிருந்து நேராக வரவில்லை, காட்டு வழியாக வந்தது. ஜெர்மனியின் சாக்சனியில் வெள்ளிச் சுரங்கங்களும் உலைகளும் மரத்தை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், சுரங்க நிர்வாகத்தைக் கவனித்துவந்த ஹான்ஸ் கார்ல் ஃபான் கார்லோவிட்ஸ் 1713இல் காடு வளர்ப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். வெட்டுகிற அளவுக்கு மரம் மறுபடி வளரவும் வேண்டும் என்பது அவர் வாதம். அதற்கு அவர் பயன்படுத்திய ஜெர்மன் சொல்லில் 'நாஹ்' என்றால் பிறகு, 'ஹால்ட்டன்' என்றால் பிடித்திருத்தல். நம் பேச்சில் சொன்னால், பின்னாளுக்கும் தாக்குப்பிடிப்பது.

அப்புறம் 1987இல் நார்வேயின் குரோ ஹார்லம் புருண்ட்லாண்ட் தலைமையிலான ஐ.நா. ஆணையம் தன் அறிக்கையில் இதை வளர்ச்சியோடு சேர்த்தது. வருங்காலத் தலைமுறை தன் தேவைகளை நிறைவேற்றிக்கொள்ளும் திறனைக் கெடுக்காமல் இன்றைய தேவைகளை நிறைவேற்றுவது என்ற வரையறை அங்கிருந்து வந்ததுதான். 1992இல் ரியோவில் நடந்த ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டின் செயல்திட்டம் கல்விக்கென்றே ஒரு அத்தியாயம் ஒதுக்கியது, 2005 முதல் 2014 வரை ஐ.நா. இதற்கான கல்விப் பத்தாண்டு நடத்தியது, 2015இல் ஐ.நா. வகுத்த 17 வளர்ச்சி இலக்குகளிலும் கல்வி இலக்கின் கீழ் இது இருக்கிறது. ஆக, பள்ளிக்குள் இந்தச் சொல் வந்து வெகுகாலம் ஆகிவிட்டது. ஆனால் பெரும்பாலும் புருண்ட்லாண்ட் வரையறையை மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண்ணுக்கு எழுதுகிற அளவில்தான் நிற்கிறது.

நிலைத்தன்மை, நிலையான வளர்ச்சி என்பவைதான் அதிகம் புழங்குகின்றன. எனக்கு அதிக வருத்தமும் இவற்றின் மேல்தான். அதே மாணவர் பக்கத்து வகுப்பில் நிலைமின்னியல், நிலைமம் என்று படிக்கிறார். அங்கே 'நிலை' என்றால் அசையாமல் இருப்பது, இருக்கிறபடியே இருப்பது. அந்தக் காதோடு நிலையான வளர்ச்சி என்று கேட்டால், ஒன்று குழம்புவார், அல்லது வளர்ச்சி நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று புரிந்துகொள்வார். இரண்டாவது புரிதல் கார்லோவிட்ஸ் சொன்னதற்கு நேர் எதிர். நீடித்த வளர்ச்சியிலும் இதே சிக்கல் உண்டு. பேண்தகைமை அழகான சொல், பேணுதல் என்பதில் ஒரு பரிவு இருக்கிறது. ஆனாலும் எதைப் பேணுவது, எதுவரை எடுக்கலாம் என்ற கணக்கு அதில் தெரியவில்லை.

வளங்குன்றா என்பதில் அந்தக் கணக்கு வெளிப்படையாக இருக்கிறது. குன்றுதல் என்றால் குறைதல், தேய்தல். குன்றா என்பது ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம், வளம் அதனோடு சேரும்போது மகரம் ஙகரமாகிறது. இலக்கணம் இருக்கட்டும், இந்தச் சொல்லைக் கேட்டதும் பிள்ளை கேட்கிற கேள்விதான் முக்கியம்: எந்த வளம்? அடுத்து, எவ்வளவு வேகமாகக் குன்றுகிறது, எவ்வளவு வேகமாக நிரம்புகிறது? ஒரு காட்டில் ஆண்டுக்கு நூறு மரத்துக்குச் சமமான வளர்ச்சி என்றால் நூறு வரை வெட்டலாம், நூற்றிருபது வெட்டினால் காடு சுருங்கும். சுருங்கிய காட்டில் அடுத்த ஆண்டு வளர்ச்சியே நூறு இருக்காது என்பதையும் அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். கரும்பலகையில் பத்து நிமிட வேலை. நிலக்கரிக்கு இதே கேள்வியைக் கேளுங்கள். உருவாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் ஆன பொருள், நம் கணக்கில் அது நிரம்புகிற வேகம் பூஜ்யம்தான்.

காலநிலை மாற்றத்துக்கும் இது அப்படியே பொருந்துகிறது. நாம் வெளிவிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய பாதியைக் கடலும் நிலமும் உள்வாங்கிக்கொள்கின்றன. அந்த உள்வாங்கும் திறனும் ஒரு வளம்தான். அதற்கு மேல் போவது காற்றில் தங்குகிறது: தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் சுமார் 280 பங்கு, இப்போது 420ஐத் தாண்டிவிட்டது. நிலைத்தன்மை என்று சொல்லிக் கொடுத்த வகுப்பில் இந்த இணைப்பைக் கொண்டுவர ஆசிரியர் தனியாகப் பாடுபட வேண்டும். வளங்குன்றாமையில் அது கேள்வியாகவே வந்துவிடும்.

கூடவே இன்னொன்று. பருவநிலை மாற்றம் என்று செய்திகளில் நிறைய வருகிறது, வகுப்பில் காலநிலை மாற்றம் என்பதே நல்லது. பருவம் என்றால் மழையும் கோடையும் மாறி மாறி வருவது, அது இயல்பான மாற்றம். காலநிலையோ பொதுவாக 30 ஆண்டு வானிலையின் சராசரி, அது மாறுவதுதான் கவலை.

சரி, எழுதும்போது: வளங்குன்றா வேளாண்மை, வளங்குன்றா வளர்ச்சி, வல்லினம் வந்தால் மிகும், வளங்குன்றாச் சுற்றுலா. தனிப் பெயராக வளங்குன்றாமை. வளத்தோடு தொடர்பில்லாமல், நெடுநாள் தொடர்கிற ஒன்றைச் சொல்கிற இடத்தில், உதாரணமாக ஒரு திட்டத்துக்குக் கிடைக்கும் தொடர் ஆதரவுக்கு, நீடித்த என்பதே போதும்.