முட்டுச்சந்துகள் எப்படிப் பெருகுகின்றன?

ஊர் வளர வளரத் தெருக்கள் கூடும். ஆனால் அவற்றுக்கிடையே இணைப்பும் கூடும் என்றில்லை. இதை அளக்க எளிய கணக்கு ஒன்று உண்டு. நாற்சந்திக்கு 4, முச்சந்திக்கு 3, முட்டுச்சந்தின் முனைக்கு 1 என்று போட்டுச் சராசரி எடுக்க வேண்டும். 6 முச்சந்தியும் 4 முட்டுச்சந்தும் உள்ள மனைப்பிரிவுக்கு 2.2 வரும். கட்டம் கட்டமாகத் தெரு போட்ட இடத்தில் 4-ஐ நெருங்கும்.

சென்னை தி.நகர் 1920களில் மாம்பலம் ஏரிப் பகுதியில் திட்டமிட்டு உருவானது. தெருக்கள் ஒன்றோடொன்று சேர்வதால், ஒரு தெருவில் நெரிசல் என்றால் அடுத்த தெருவில் புகுந்து போய்விடலாம். (தீபாவளி வாரத்தில் இந்தப் பாச்சா பலிக்காது, சரி.)

பழைய மகாபலிபுரம் சாலையை ஒட்டிய பகுதிகளின் கதை வேறு. அங்கே நிலம் துண்டு துண்டாகக் கைமாறியது. ஒரு புரமோட்டர் மெயின் ரோட்டிலிருந்து ஒரே ஒரு வழி வைப்பார், உள்ளே நாலு தெரு போடுவார், கடைசித் தெருவைப் பக்கத்து நிலத்தின் வேலியோடு நிறுத்திவிடுவார். அடுத்தவர் வரும்போது அந்த வேலி காம்பவுண்டு சுவராகிவிடும். இரண்டு தெருவையும் இணைத்தால் இருவருக்குமே லாபமில்லை. வெளிவண்டி உள்ளே வரும் என்று மனை வாங்குபவரும் தயங்குவார். விளைவு, கொல்லைப்புறம் ஒட்டியிருக்கும் இரண்டு வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொள்ள மெயின் ரோடு வரை போய்ச் சுற்றி வரவேண்டும். பால் வாங்கப் போகிற வண்டியும் அதே ரோட்டில்தான். போதாக்குறைக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாய்; அதைக் கடந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்குப் போக விரல்விட்டு எண்ணக்கூடிய வழிகளே உள்ளன.

அமெரிக்காவில் இதை அரசே ஊக்குவித்தது. வீட்டுக்கடனுக்கு உத்தரவாதம் தந்த கூட்டாட்சி அமைப்பு, 1930களிலேயே முட்டுச்சந்துத் தெருக்களைப் பரிந்துரைத்தது. புதிதாகப் போட்ட தெருக்களின் இணைப்பு அங்கே குறைந்துகொண்டே போய், 1994 வாக்கில்தான் மெல்லத் திரும்பியது.

போட்ட தெருவை மாற்றுவது லேசில்லை. 1666 தீயில் லண்டனின் மதிலுக்குள் இருந்த பழைய நகரின் பெரும்பகுதி சாம்பலானது. புது வரைபடங்களும் தயாராயின. ஆனாலும் ஊர் பெரும்பாலும் பழைய தெருக்கோட்டிலேயே மறுபடி எழுந்தது. வீடு எரிந்தாலும் மனையின் எல்லையும் உரிமையாளரும் அப்படியேதானே இருக்கிறார்கள்!

இருக்கிற முட்டுச்சந்தைத் திறக்க முழுச் சாலைதான் வேண்டும் என்றில்லை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நுழையும் அளவுக்குச் சுவரில் ஒரு திறப்பு இருந்தாலே, பஸ் நிறுத்தத்துக்கு நடப்பவருக்குச் சுற்றுவழி மிச்சம். வெளிவண்டி பயமும் இல்லை, கார் நுழைய முடியாதே.