ஃபிட் டு ஃப்ளை கையெழுத்து கேட்டு வர்றவங்களுக்கு

நாளைக்கு ராத்திரி சென்னைல ஃப்ளைட்டு, இன்னைக்கு சாயங்காலம் வந்து "ஒரே ஒரு கையெழுத்து டாக்டர், ஃபிட் டு ஃப்ளை"ன்னு, அதாவது விமானத்துல போக ஒடம்பு தாங்கும்னு சர்டிஃபிகேட் கேட்டு நிக்கிறது நம்ம பாண்டிச்சேரி கடலூர் பக்கம் ரொம்ப சகஜம். மக பாரிஸ்ல மாசமா இருக்கா, மருமகன் டிக்கெட் போட்டுட்டாரு, பொட்டி கூட கட்டியாச்சு, பிபியும் சுகரும் பாத்துட்டு சீல் குத்திடுவாருன்னு நெனச்சுதான் வர்றாங்க. ஆனா நான் மொதல்ல பாக்கறது அந்த ரெண்டையும் இல்ல, விமானத்துக்குள்ள இருக்கற காத்தை இந்த ஒடம்பு தாங்குமான்னுதான்.

பெரிய பாசஞ்சர் விமானம் 35,000 அடி ஒசரத்துல போகுது, அங்க வெளில இருக்கற காத்த சுவாசிச்சா ஒரு நிமிஷத்துக்குள்ள நெனவு தப்பிடும். அதனால உள்ள காத்தழுத்தத்த ஏத்தி வெக்கிறாங்க, ஆனா பாதி பேருக்குத் தெரியாத விஷயம் என்னன்னா தரைல இருக்கற அளவுக்கு ஏத்தறதில்ல, 6,000லேர்ந்து 8,000 அடி மலை மேல எவ்ளோ இருக்குமோ அவ்ளோதான். ஊட்டி 7,350 அடி, அதாவது கடலூர் மாதிரி கடல்மட்டத்து ஊர்ல இருந்துட்டு சீட்ல உக்காந்தபடியே அரை மணி நேரத்துல ஊட்டிக்குப் போய் அங்கயே பத்து மணி நேரம் இருக்கீங்கன்னு அர்த்தம். ஏன் முழுசா ஏத்தல? ஏத்துனா உள்ளேர்ந்து வெளிய தள்ளற அழுத்தம் அதிகமாகும், அதைத் தாங்க விமானத்தோட உடம்ப இன்னும் கனமா கட்டணும், அதோட ஒவ்வொரு தடவ ஏறி எறங்கும்போதும் அது உப்பி சுருங்கறதால உலோகம் தேஞ்சு விரிசல் விடும். 1952ல ஓட ஆரம்பிச்ச காமெட்டுங்கற மொத ஜெட் பாசஞ்சர் விமானம் 1954ல ரெண்டு தடவ வானத்துலயே ஒடஞ்சு விழுந்ததுக்கு காரணம் இதுதான். இப்ப வர்ற போயிங் 787, ஏர்பஸ் ஏ350 ரெண்டும் கார்பன் ஃபைபர்ல கட்டுனதால 6,000 அடி அளவுக்குள்ளயே வெச்சுக்க முடியுது, அதனாலதான் அதுல போய்ட்டு வந்தவங்க அவ்ளோ அசதியா இல்லன்னு சொல்றாங்க.

8,000 அடில ஆக்சிஜன் அதே 21 சதவீதம்தான், ஆனா அழுத்தம் கொறைஞ்சதால நுரையீரலுக்குக் கிடைக்கறது தரைல 15 சதவீதம் இருந்தா எவ்ளோ கிடைக்குமோ அவ்ளோதான். நல்லா இருக்கற மனுஷனுக்கே வெரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு பாக்கற ஆக்ஸிமீட்டர் 98லேர்ந்து 90, 93ன்னு எறங்கும், அவருக்கு ஒண்ணும் தெரியாது, தூங்கிட்டு போவாரு. வருஷக்கணக்கா பீடி குடிச்சு இளைப்பு வந்தவரு கீழயே 92க்கு கொறைவா வெச்சிருந்தாருன்னா மேல என்ன ஆகும்னு யோசிச்சுக்கோங்க.

இதுல ஒரு சிக்கல் இருக்கு. கொரோனாக்கு அப்புறம் வீட்டுக்கு வீடு ஆக்ஸிமீட்டர் இருக்கு, அதுல 98 காட்டுது டாக்டர்னு சொல்லிட்டு திருப்பாதிரிப்புலியூர்லேர்ந்து ஒரு அம்மா வந்தாங்க. வாங்கம்மா அந்த வராண்டா கடைசி வரைக்கும் போய்ட்டு வரலாம்னேன். "ப்ளேன்ல உக்காந்துதானே தம்பி போகப்போறேன், என்னை எதுக்கு நடக்கவிடற"ன்னாங்க, ஆனா எழுந்து நடந்தாங்க, பாதி தூரத்துல சொவத்தைப் புடிச்சுகிட்டு நின்னுட்டாங்க. கீழ் இமைய இழுத்துப் பாத்தா வெளுத்துக் கெடக்கு, ஹீமோகுளோபின் 6.8. ஆக்ஸிமீட்டர் பொய் சொல்லல, இருக்கற ரத்தத்துல ஆக்சிஜன் நெறைஞ்சிருக்கான்னு மட்டும்தான் அது சொல்லும், ரத்தம் இருக்கான்னு சொல்லாது. 7.5க்கு கீழ இருந்தா விமானப் பயணம் வேண்டாம்னுதான் பொதுவா சொல்றது. டிக்கெட்ட தள்ளிப் போட்டு, மூலத்துல ரத்தம் போய்ட்டு இருந்ததுக்கு வைத்தியம் பாத்து, ரத்தம் ஏத்தி அப்புறம்தான் அனுப்புனோம். 50 மீட்டர் சமதளத்துல மூச்சு வாங்காம நடக்க முடியுதாங்கறது பெரிய மெஷின் எதுவும் இல்லாத பரிசோதனை, வீட்லயே பண்ணிப் பாக்கலாம்.

அடுத்தது காத்து உப்பறது. ஊட்டி மலைல சிப்ஸ் பாக்கெட் உப்பிக்கும்ல, அதேதான், அடைபட்ட காத்து எதுவா இருந்தாலும் மேல போனா மூணுல ஒரு பங்கு பெருசாகும். காது அடைக்கறது எல்லாருக்கும் தெரியும், எச்சில் முழுங்கினா சரியாய்டும், சளி புடிச்சிருந்தா சரியாகாது. 2018 செப்டம்பர்ல மும்பைலேர்ந்து ஜெய்ப்பூர் கெளம்புன ஒரு ஜெட் ஏர்வேஸ் விமானத்துல காத்தழுத்தத்த ஏத்தற ஸ்விட்ச்ச போடாமயே மேல கெளப்பிட்டாங்க, சுமார் 30 பேருக்கு மூக்குலயும் காதுலயும் ரத்தம் வந்து திருப்பிக் கொண்டுவந்து எறக்குனாங்க. ஆனா நான் பயப்படறது கண்ணுக்கு. விழித்திரை விலகி ஆபரேஷன் பண்ணும்போது சிலருக்கு கண்ணுக்குள்ள கேஸ் வெச்சு அனுப்புவாங்க, அது கரையறதுக்கு ரெண்டு மூணு வாரத்துலேர்ந்து ரெண்டு மாசம் வரைக்கும் ஆகலாம், அது இருக்கும்போது விமானம் ஏறினா கேஸ் உப்பி கண் அழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் நின்னு பார்வையே போய்டும். ஊட்டி கொடைக்கானலும் கூடாது. கண்ணுக்குள்ள வெச்சது கேஸா, இல்ல அதுக்கு பதிலா சிலிக்கான் ஆயிலான்னு டிஸ்சார்ஜ் சம்மரில பாருங்க, ஆயில்னா இந்த பயம் இல்ல. கைகால்ல மாவுக்கட்டு போட்டு ரெண்டு நாள் கூட ஆகலன்னா கட்ட நீளவாக்குல பிளந்து விடணும், இல்லன்னா உள்ள வீங்கி இறுக்கும்.

பாண்டில வீக்எண்டுக்கு வந்து கடல்ல ஸ்கூபா டைவிங் போற பசங்களுக்கும் ஒரு வார்த்தை. ஆழத்துல சுவாசிக்கற நைட்ரஜன் ரத்தத்துல கரைஞ்சு நிக்கும், மெதுவாதான் வெளில போகும், அதுக்குள்ள விமானத்துல மேல போனா சோடா மூடி தொறந்தாப்ல குமிழ் கட்டி மூட்டு வலிலேர்ந்து பக்கவாதம் வரைக்கும் கொண்டு போய் விடும். ஒரு டைவ்னா 12 மணி நேரம், ரெண்டு மூணு போனா 18 மணி நேரம் இடைவெளி வேணும், ஒரு முழு நாள் விட்டா இன்னும் நல்லது. காலைல டைவ், மத்தியானம் லாஸ்பேட்டைல பெங்களூர் ஃப்ளைட்டுங்கறது வேலைக்கு ஆகாது. கார்ல போறோம்னு சொன்னாலும் பெங்களூரே 3,000 அடில இருக்கு, 2,000 அடி தாண்டினாலே இந்தக் கணக்கு வந்துடும்.

கால் ரத்தக்குழாய்க்குள்ள ரத்தம் ஒறைஞ்சு கட்டறது பத்தி எல்லாரும் எழுதிட்டாங்க, நான் ஒண்ணுதான் சேக்கணும். நாலு மணி நேரத்துக்கு மேல அசையாம உக்காந்தா அந்த ஆபத்து ரெண்டு மடங்காகுதுன்னு உலக சுகாதார நிறுவனத்தோட ஆய்வு 2007ல சொல்லுச்சு, அது பஸ்ஸு காரு ரயிலு எல்லாத்துக்கும்தான். கடலூர்லேர்ந்து சென்னை ஏர்போர்ட் வரைக்கும் கார்ல கால மடக்கி உக்காந்து வர்றதும் அந்தக் கணக்குலதான் சேரும், நடுவுல டீக்கடைல எறங்கி நடங்க.

இன்சுலின் பேனாவ பெரிய பொட்டில போட்டு விட்றாதீங்க, கீழ குளிர்ல ஒறைஞ்சு போச்சுன்னா வேலை செய்யாது, கைப்பைல மருந்துச் சீட்டோட வெச்சுக்கோங்க. ஆக்சிஜன் தேவைப்படறவங்க சொந்த சிலிண்டர எடுத்துட்டு போக விடமாட்டாங்க, ஏர்லைன்ஸோட மெடிஃப்னு ஒடம்பு நெலமைய எழுதிக் குடுக்கற ஃபாரம் இருக்கு, அதை டாக்டர் நிரப்பி ரெண்டு மூணு நாள் முன்னாடியே அனுப்பணும், அவங்க டாக்டர் பாத்து ஓகே சொன்னாதான் ஏத்துவாங்க. அதனால ஃப்ளைட்டுக்கு மொத நாள் சாயங்காலம் வராதீங்க, டிக்கெட் போடறதுக்கு முன்னாடி வாங்க, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டு.