வேகக் காரின் எடை இப்போது எங்கே இருக்கிறது?

கதவு அலுமினியம், கூரை கார்பன் ஃபைபர், ஸ்டீயரிங் சட்டம் மெக்னீசியம். இன்றைய உயர்திறன் கார்களின் விவரக் குறிப்பைப் படித்தால் வண்டி பஞ்சு மாதிரி இருக்கும் என்றே தோன்றும். எடைமேடையில் ஏற்றினால்தான் சங்கதி தெரியும். 1992-ல் அறிமுகமான மெக்லாரன் எஃப்1, கார்பன் ஃபைபர் கூட்டோடு வந்த முதல் சாலைக் கார். எடை ஏறத்தாழ 1,140 கிலோ. 2024-ல் வந்த பிஎம்டபிள்யூ எம்5 ஹைப்ரிட், அதாவது பெட்ரோல் இன்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்த வண்டி, 2,400 கிலோவைத் தாண்டுகிறது. அது மூன்று பேர் உட்காரும் ஸ்போர்ட்ஸ் கார், இது பெரிய செடான்; இரண்டையும் ஒப்பிடுவது நியாயமில்லைதான். ஆனால் இதே எம்5-இன் முந்தைய தலைமுறை 2 டன்னுக்குள் அடங்கியிருந்ததே!

பொருள் இலேசாகிறது, வண்டி கனக்கிறது. உடற்கூட்டில் மிச்சம் பிடித்த கிலோக்களைப் பேட்டரியும் மோட்டாரும், பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றபடி மாற்றும் இன்வெர்ட்டரும், அவற்றைக் குளிர்விக்கும் குழாய்களும் விழுங்கிவிடுகின்றன. பந்தயக் களமும் தப்பவில்லை. ஃபார்முலா ஒன்னில் 2014-ல் புதிய ஹைப்ரிட் இன்ஜின் விதிகள் வந்தபோது காரின் குறைந்தபட்ச எடை 642 கிலோவிலிருந்து 691 கிலோவாக ஏறியது.

புகை குறைய வேண்டுமென்றால் இன்றைய நிலையில் இந்த எடையைச் சுமந்துதான் ஆக வேண்டும். 1,400 கிலோ காரில் பழகிய பராமரிப்புப் பழக்கத்தை 2,300 கிலோ காருக்கும் அப்படியே கொண்டுவருவதில்தான் வம்பு. முடுக்கும்போது எடை தெரியாது. மோட்டாரின் முறுக்குவிசை அதை மறைத்துவிடும். நிறுத்தும்போது மறைக்க யாருமில்லை. 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும் 1,500 கிலோ காரின் இயக்க ஆற்றல் சுமார் 580 கிலோஜூல். 2,200 கிலோ காருக்கு அது 850. வேகம் 200 ஆனால் இரண்டுமே நான்கு மடங்காகும். அவ்வளவும் வெப்பமாகவோ மின்சாரமாகவோ மாறினால்தான் வண்டி நிற்கும்.

மின் கார்களிலும் ஹைப்ரிட்களிலும் பிரேக் பெடலை மென்மையாக மிதித்தால் மோட்டாரே ஜெனரேட்டராகி வேகத்தைக் குறைத்துவிடும். சக்கரத்தோடு சுழலும் டிஸ்கை, அதை அழுத்திப் பிடிக்க வேண்டிய பிரேக் பேட் தொடுவது அரிது. பேட் நெடுநாள் உழைக்கும் என்று உரிமையாளர் மகிழ்வார். அதற்குள் டிஸ்கில் துரு படரும், பேட்டை அழுத்தும் காலிப்பரின் வழிகாட்டிப் பின்கள் இறுகும், பேட்டின் ஒரு முனை மட்டும் தேயும். திடீரென்று முழு பிரேக் தேவைப்படும் நாளில் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். வாரம் ஒருமுறை, பின்னால் வண்டி வராத சாலையில், 80-லிருந்து 20 வரை மூன்று நான்கு முறை அழுத்தமாக பிரேக் போடுங்கள். நியூட்ரலில் மோட்டார் பிரேக்கிங் அணையும் கார்களில் அந்த நிலையில் செய்தால் பேட் நன்றாக வேலை செய்யும். உங்கள் கையேடு என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பின்களைக் கழற்றித் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிகான் கிரீஸ் பூச வேண்டும். சாதாரண பெட்ரோலிய கிரீஸ் ரப்பர் உறையை ஊதவைத்துவிடும்.

பேட் தேயாததால் பிரேக் ஆயிலையும் மறந்துவிடுகிறார்கள். அது காற்றின் ஈரத்தை உறிஞ்சும் திரவம். டாட் 4 என்ற தர ஆயிலின் கொதிநிலை புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் இருக்க வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 வரை இறங்கினாலும் தரவிதி அதை ஏற்கிறது. கொதித்தால் ஆவிக்குமிழி உண்டாகும். ஆவி அமுங்கும் என்பதால் பெடல் தரைவரை போகும், பிரேக் பிடிக்காது. கிலோமீட்டர் எவ்வளவு ஓடியிருந்தாலும் 2 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள். டாட் 5.1, டாட் 4-இன் குடும்பம். டாட் 5 சிலிகான் வகை, இவற்றோடு கலக்கவே கூடாது. இப்படிப் பெயர் வைத்தவர்களுக்கு ஒரு கும்பிடு!

கார்பன் செராமிக் டிஸ்க் இரும்பு டிஸ்கில் ஏறத்தாழ பாதி எடைதான். ஆனால் தடிமனை அளந்து மட்டும் அதன் தேய்மானத்தைச் சொல்லிவிட முடியாது. பல டிஸ்குகளில் குறைந்தபட்ச எடை பொறித்திருக்கும். கழற்றித் தராசில் வைத்துப் பார்க்க வேண்டும். வீலைக் கழற்றும்போது அதன் உள்விளிம்பு டிஸ்கில் இடித்தால் ஓரம் சில்லு பெயரும். போல்ட் துளையில் வழிகாட்டித் தண்டு ஒன்றை முறுக்கி, அதன்மேல் வீலைச் சறுக்கி எடுப்பதே முறை. இந்தத் தண்டு இல்லாத பஞ்சர் கடையில் அப்படிப்பட்ட வீலைக் கழற்றவிடாதீர்கள்.

டயரில் அளவை மட்டும் பார்த்து வாங்குவது அடுத்த தவறு. அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் சுமைக் குறியீடுதான் முக்கியம். 91 என்றால் ஒரு டயர் 615 கிலோ தாங்கும், 95 என்றால் 690, 100 என்றால் 800. கனமான மின் கார்களுக்காகவே, கூடுதல் சுமை தாங்கும் எக்ஸ்எல் வகைக்கும் மேலான எச்எல் என்ற வகை வந்திருக்கிறது. கார் எச்எல் டயரோடு வந்திருந்தால் அதே அளவில் மலிவாகக் கிடைக்கும் சாதாரண டயரைப் போடக் கூடாது; பக்கச்சுவர் சூடாகி வெடிக்க வாய்ப்புண்டு. இரைச்சலைக் குறைக்க உள்ளே நுரை ஒட்டிய டயர்களும் இருக்கின்றன. பஞ்சர் ஆனால் அந்த இடத்து நுரையை வெட்டி எடுத்து, ரப்பர் பரப்பைச் சுத்தம் செய்த பிறகுதான் உள்ளிருந்து ஒட்டுப் போட வேண்டும். நுரை மேலேயே ஒட்டினால் அது நிற்காது.

இலேசான பொருட்கள் அடிபடும் விதமே வேறு. எஃகு வளைந்து காட்டிக்கொடுக்கும். கார்பன் ஃபைபர் மேலே பளபளவென்று இருக்க, உள்ளே அடுக்குகள் பிரிந்திருக்கும். நாணயத்தால் தட்டினால் நல்ல இடம் கணீரென்று ஒலிக்கும், பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். இது முதல் சோதனைதான். சுமை தாங்கும் பாகமென்றால் மீயொலிச் சோதனை செய்யாமல் முடிவெடுக்கக் கூடாது. அலுமினியத்தில் எதிரி சூடும் எஃகுத் துகளும். வெப்பப் பதனம் செய்த அலுமினியச் சட்டத்தை எஃகுபோல் காய்ச்சி நிமிர்த்தினால் வலிமை போய்விடும். எஃகைத் தேய்த்த பிரஷ்ஷையே அலுமினியத்திலும் போட்டால் சிக்கிய துகள்கள் ஈரம் பட்டதும் மின்வேதி அரிப்பைத் தொடங்கும், சில மாதத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். கார்பனும் அலுமினியமும் நேரடியாகத் தொட்டாலும் இதே கதி. அதனால்தான் இடையில் கண்ணாடி இழை அடுக்கோ பசையோ வைக்கிறார்கள். விபத்துக்குப் பின் வண்டியை விடும் பட்டறையில் அலுமினியத்துக்கென்று தனி இடமும் தனிக் கருவிகளும் உண்டா என்று கேளுங்கள். கேள்வி புரியாமல் விழித்தால் வேறு இடம் பாருங்கள்.

நீங்களாகவே எடை குறைக்கப் போகிறீர்களென்றால் வீலில் தொடங்குங்கள். ஸ்பிரிங்குக்குக் கீழே சுழலும் எடை குறைந்தால் முடுக்கம், பிரேக், சவாரி மூன்றிலும் பலன் தெரியும். வார்த்த வீல் அல்ல, அடித்து உருவாக்கிய (ஃபோர்ஜ்ட்) வீல்தான் வாங்க வேண்டும். உள்பக்கம் பொறித்திருக்கும் சுமை அளவை நான்கால் பெருக்கினால் வண்டியின் முழுச் சுமையைத் தாண்ட வேண்டும். அடுத்தது 12 வோல்ட் பேட்டரி. ஈய அமில பேட்டரிக்குப் பதில் லித்தியம் போட்டால் 10 கிலோ வரை குறையும். ஆனால் பழைய சார்ஜரின் சல்பேட் நீக்கும் முறையை அதில் பயன்படுத்தினால் உயர் மின்னழுத்தம் செல்களைக் கெடுத்துவிடும். சந்தையில் கிடைக்கும் “கார்பன் போனட்”களில் பல, கண்ணாடி இழைமேல் ஒரே ஒரு கார்பன் துணி போர்த்தியவை. வாங்குமுன் தராசில் வைத்துப் பாருங்கள்.

ஹைப்ரிட் வைத்திருப்போர் பலருக்குத் தெரியாத ஆபத்து, குளிர்ந்த இன்ஜின். மின்சாரத்தில் பத்து நிமிடம் ஓடிய வண்டி, ஓவர்டேக் செய்யப் பெடலை அழுத்தியதும் இன்ஜினை எழுப்பும். ஆயில் சூடாகாமலே அது உயர்சுற்றில் உழைக்க வேண்டிவரும். விரட்டப் போகிறீர்களென்றால் இன்ஜினை ஓடவைக்கும் ஸ்போர்ட் முறைக்கு முன்னதாகவே மாற்றி, ஆயில் 80 டிகிரி தொடும்வரை பொறுங்கள். இதற்கு நேர்மாறாக, எந்நேரமும் மின்சாரத்திலேயே ஓட்டினால் டாங்கில் பெட்ரோல் பழசாகும், ஆயிலில் ஈரம் தங்கும். மாதம் ஒருமுறையாவது இன்ஜினை அரைமணி நேரம் ஓட்டிச் சூடேற்றுங்கள்.

தூக்குவதிலும் கவனம் வேண்டும். மின் காரின் வயிறு முழுவதும் பேட்டரிதான். ஜாக்கைக் குறித்த இடத்தில், ரப்பர் கட்டை வைத்து மட்டுமே கொடுக்க வேண்டும். ஒரு சாண் தள்ளிப் போனால் பேட்டரி உறை நசுங்கும். ஆரஞ்சு நிறக் கேபிள் என்றால் உயர் மின்னழுத்தம். பல கார்களில் அது 400 வோல்ட். 2019-ல் வந்த போர்ஷே டைகான் போன்றவற்றில் 800. இணைப்பைத் துண்டித்த பிறகும் இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் இருக்கும். கையேடு சொல்லும் நிமிடங்கள் காத்திருந்து, 1,000 வோல்ட் கையுறையோடு மீட்டரில் பூஜ்யம் பார்த்த பிறகே தொட வேண்டும். அதுவும் பயிற்சி பெற்றவர் மட்டும். கையுறையை ஒவ்வொரு முறையும் காற்றூதிச் சுருட்டிப் பாருங்கள். ஊசித்துளை இருந்தால் காற்று இறங்கும். அந்தக் கையுறையை அப்போதே வெட்டிக் குப்பையில் போடுங்கள், இன்னொருவர் எடுத்து மாட்டிவிடாதபடி.