படகுக் கழிப்பறை ஏன் நாறுகிறது?

ஒரு வாரமாகப் பூட்டிக் கிடந்த பாய்மரப் படகு. கழிப்பறையின் கைப்பம்பை முதல்முறை இழுத்ததுமே அழுகிய முட்டை நாற்றம் முகத்தில் அடிக்கிறது. கழிவுத் தொட்டி காலி, பீங்கான் பளிச்சென்று இருக்கிறது. எல்லோரும் மலத்தின்மீதுதான் பழி போடுவார்கள். ஆனால் இந்த நாற்றம் வருவது, கழுவுவதற்காகக் கடலிலிருந்து இழுக்கும் தண்ணீரிலிருந்து.

ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 2.7 கிராம் சல்பேட் இருக்கிறது. கூடவே கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகளும் வருகின்றன. உறிஞ்சுகுழாயில் நீர் தேங்கினால் அவை செத்து அழுகும், கரைந்திருந்த ஆக்சிஜனும் தீர்ந்துபோகும். அதன்பின் ஆக்சிஜன் தேவைப்படாத பாக்டீரியாக்கள் சல்பேட்டைக்கொண்டு மூச்சுவிடத் தொடங்கி, ஹைட்ரஜன் சல்பைடை வெளிவிடுகின்றன. காற்றில் நூறு கோடிக்குச் சில பங்கு இருந்தாலே போதும், மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

ஆகவே, படகைப் பூட்டிவிட்டுப் போகுமுன் கடைசியாக ஓடுவது நல்ல தண்ணீராக இருக்கவேண்டும். வாளியால் பீங்கானில் ஊற்றுவது இதற்கு உதவாது. உறிஞ்சுகுழாயில் கடல்நீர் அப்படியே நிற்கும். வாஷ்பேசின் வடிகுழாயை ஒரு ‘டி’ இணைப்பால் உறிஞ்சுகுழாயோடு சேர்த்துவிடலாம். பிறகு கடல்பக்க வால்வை மூடி, பேசினில் நல்ல தண்ணீர் நிரப்பிப் பம்பை இயக்கினால் அந்தத் தண்ணீர் உறிஞ்சுகுழாய், பம்பு, வெளியேற்றுகுழாய் மூன்றையும் கழுவிக்கொண்டு போகும். கடல்நீர் இழுக்கும்போது பேசினை அடைத்துவையுங்கள், இல்லையேல் பம்பு காற்றைத்தான் இழுக்கும். படகின் குடிநீர்க் குழாயை மட்டும் இந்தப் பம்போடு நேரடியாக இணைக்கவே கூடாது. கழிவுக் கிருமி குடிநீருக்குள் போய்விடும்.

எவ்வளவு தண்ணீர் வேண்டும்? 38 மி.மீ. வெளியேற்றுகுழாய் மீட்டருக்கு 1.1 லிட்டர் கொள்ளும். குழாய் மூன்று மீட்டர் என்றால் மூன்றரை லிட்டர் ஓடினால்தான் உள்ளே இருப்பது தொட்டியைச் சேரும். இரண்டு முறை பம்பை அசைத்துவிட்டு நிறுத்துவதால்தான் பாதி நாற்றம்.

இனி தொட்டி. அமெரிக்கக் கரையிலிருந்து 3 கடல்மைலுக்குள் சுத்திகரிக்காத கழிவைக் கடலில் விடக்கூடாது என்பது சட்டம். அதனால் கழிவு நாள்கணக்கில் தொட்டியில் கிடக்கிறது. காற்று தாராளமாகப் போய்வந்தால் ஆக்சிஜனில் வாழும் பாக்டீரியாக்களின் கை ஓங்கும். அவை பெரும்பாலும் மணமற்ற கரியமில வாயுவைத்தான் விடும். காற்று அடைபட்டால் மற்ற வகை தலையெடுக்கும். பல படகுகளில் தொட்டியின் காற்றுக்குழாய் வெறும் 16 மி.மீ. தான், அதுவும் வளைந்து நெளிந்து மேலே போகும். அதை 25 மி.மீ. ஆக மாற்றினால் துளையின் பரப்பு சுமார் இரண்டரை மடங்காகும். நேராக, குட்டையாக, முடிந்தால் படகின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைப்பது நல்லது. ஒரு பக்கம் காற்று புகுந்து மறுபக்கம் வெளியேறும். உப்பும் பூச்சிக்கூடும் அதன் வாயை அடைக்கும், தொட்டி நிரம்பி வழிந்தால் கழிவே அடைக்கும். படகைக் கழுவும்போதெல்லாம் அந்த வாய்க்குள்ளும் தண்ணீர் பீய்ச்சுங்கள்.

தொட்டியில் வாசனைத் திரவமோ பிளீச்சோ ஊற்றுவதை நான் ஏற்கமாட்டேன். பிளீச் நல்ல பாக்டீரியாவையும் சேர்த்துக் கொல்லும், ரப்பரையும் கெடுக்கும். நைட்ரேட் கலந்த மருந்து பரவாயில்லை, பாக்டீரியாக்கள் சல்பேட்டை விட்டு நைட்ரேட்டை எடுத்துக்கொள்ளும்.

தொட்டி சரியாக இருந்தும் அறை நாறினால் குழாய்களைச் சந்தேகியுங்கள். நாற்றம் நாளடைவில் குழாய்ச் சுவரையே ஊடுருவிவிடும். சுடுதண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் குழாயில் சுற்றி, ஆறியதும் எடுத்துக்கொண்டு மேல்தளத்துக்குப் போய் முகர்ந்துபாருங்கள். துணி நாறினால் அந்தக் குழாயின் காலம் முடிந்தது, எந்தக் கழுவலும் அதைக் காப்பாற்றாது. புதிதாகப் போடும்போது தொங்கல் விழாமல் கவ்விகளால் தாங்கிக் கட்டுங்கள். தொங்கும் இடத்தில்தான் கழிவு தேங்கி முதலில் ஊடுருவும்.

கழுவி முடித்த பின்னும் பீங்கானுக்குள் பழுப்பு நீர் ஏறிவந்தால் ஜோக்கர் வால்வைப் பாருங்கள். பம்பின் வெளிவாயிலில் இருக்கும், நுனியில் பிளவுள்ள சின்ன ரப்பர் அது. சிறுநீரும் கடல்நீரும் சேர்ந்தால் சுண்ணாம்புபோல் உப்பு படியும். அது படிந்தால் பிளவு மூடாது. வாரம் ஒரு கோப்பை வெள்ளை வினிகரைப் பம்பு வழியாக ஓட்டி, பின்னாலேயே நல்ல தண்ணீர் விட்டால் படிவு கட்டுக்குள் இருக்கும். முற்றியதென்றால் குழாயைக் கழற்றி, படகுத்துறை மேடையில் ஓங்கி அடித்து உதிர்க்க வேண்டியதுதான். ஜோக்கர் வால்வின் விலை அதிகமில்லை, ஆண்டுக்கொன்று மாற்றிவிடலாம். வினிகரோ வேறு அமிலமோ ஊற்றிய இடத்தில் பிளீச் படக்கூடாது, குளோரின் வாயு கிளம்பும்.

தொட்டியைத் திறந்து வேலை செய்ய நேர்ந்தால், முதலில் காலி செய்து, கால்வாசித் தண்ணீர் நிரப்பி மறுபடி காலி செய்யுங்கள். ஜன்னல், கதவு எல்லாம் திறந்திருக்கட்டும். ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது, படகின் அடியறையில் தங்கும். பத்து லட்சத்துக்கு 100 பங்கை எட்டினால் மோப்ப நரம்பு மரத்துவிடும். தொட்டியருகே குனிந்திருக்கும்போது கடும் நாற்றம் சட்டென்று நின்றால் உடனே மேலே ஏறிவிடுங்கள்.