டிவி லைசன்ஸ்காரர் கதவைத் தட்டினால்: பிரித்தானியாவில் உங்கள் உரிமைகள்

"நாங்கள் பிபிசி பார்க்கிறதே இல்லை, பிறகு எதற்கு லைசன்ஸ்?" பிபிசியை நடத்துவதற்காக, டிவி பார்ப்போர் ஆண்டுதோறும் கட்டணம் கட்டி எடுக்கும் டிவி லைசன்ஸ், அதாவது உரிமம் பற்றி, லண்டனில் என்னிடம் சட்ட ஆலோசனைக்கு வரும் நம்மவர்கள் பலர் இப்படித்தான் தொடங்குகிறார்கள். சன் டிவியும் விஜய் டிவியும் மட்டும் ஓடும் வீடுகளில் இந்த எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. அது பிழை.

2003ஆம் ஆண்டுச் சட்டப்படி, எந்த நாட்டுச் சேனலானாலும், ஒளிபரப்பாகும் நேரத்திலேயே பார்த்தால் அல்லது பதிவு செய்தால் உரிமம் வேண்டும். டிஷ், இன்டர்நெட் பெட்டி, கைபேசி எல்லாம் ஒன்றுதான். யூடியூபில் செய்திச் சேனலை நேரலையாகப் பார்த்தாலும் அப்படியே. பிபிசியின் இணையச் சேவையான ஐபிளேயருக்கு, பழைய நிகழ்ச்சியானாலும், 2016 செப்டம்பர் முதல் உரிமம் தேவை. நெட்ஃபிளிக்ஸ் படம், யூடியூபில் முடிந்துபோன நாடகம் என்று மட்டும் பார்ப்பவர் கட்டத் தேவையில்லை. வீட்டில் டிவி இருப்பது குற்றமல்ல.

உரிமத்தைச் சோதிக்க வாசலில் வரும் ஆள் பொலிஸ் அல்ல. நீதிமன்ற ஆணை இல்லாமல் உள்ளே வர அவருக்கு அதிகாரம் கிடையாது. "இப்போது பேச விருப்பமில்லை" என்று மரியாதையாகச் சொல்லிக் கதவைச் சாத்தலாம். கேள்விக்குப் பதில் சொல்லவோ அவர் எழுதிய தாளில் கையெழுத்திடவோ கட்டாயமில்லை. ஆணையுடன் வந்தால் மட்டும் தடுக்கக் கூடாது. பகலில் வீட்டில் இருக்கும் அம்மாவோ அக்காவோதான் கதவைத் திறக்கிறார். ஆங்கிலம் முழுதாக விளங்காமல் எல்லாவற்றுக்கும் "யெஸ்" சொல்லிக் கையெழுத்தும் போட்டுவிடுகிறார். வழக்கு அவர் பெயரில்தான் வரும். உரிமம் இல்லாமல் பார்த்த குற்றத்துக்காகத் தண்டிக்கப்படுவோரில் பெரும்பாலானோர் பெண்கள் என்பது எனக்கு இன்றும் பொறுக்க முடியாத விஷயம். தயவுசெய்து இதை வீட்டில் தமிழில் விளக்கிச் சொல்லிவையுங்கள்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இந்த வழக்குகள் பெரும்பாலும் ஒரு நீதவான் கடதாசிகளைப் பார்த்தே முடிப்பவை. வழக்கை அறிவிக்கும் கடிதத்துக்கு 21 நாட்களுக்குள் பதில் போட வேண்டும். பிரிக்காமல் மேசையில் கிடந்தால், நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். அபராதம் 1,000 பவுண் வரை போகலாம், வழக்குச் செலவு வேறு. வீடு மாறியதால் கடிதமே கிடைக்கவில்லையா? வழக்கு நடந்தது தெரியவந்த 21 நாட்களுக்குள் 'எனக்கு வழக்குப் பற்றித் தெரியாது' என்று சத்தியப் பிரகடனம் (statutory declaration) செய்தால் வழக்கைத் திரும்பத் திறக்கலாம். குடியுரிமை விண்ணப்பம் தண்டனை பற்றிக் கேட்டால் மறைக்காதீர்கள்.

2025 ஏப்ரலில் ஆண்டுக் கட்டணம் 174.50 பவுண் ஆனது. வீட்டில் 75 வயது கடந்த அப்பம்மாவோ தாத்தாவோ, குறைந்த வருமானமுள்ள முதியவர்களுக்கான அரச உதவியான பென்ஷன் கிரெடிட் பெற்றால், அவர் பெயரில் உரிமம் இலவசம். அந்த வீட்டில் உள்ள எல்லோருக்கும் அது செல்லும். தகுதி இருந்தும் அந்த உதவிக்கு விண்ணப்பிக்காத முதியவர்களை நிறையப் பார்க்கிறேன். அரச உதவி பெறக்கூடாது என்று விசாவில் நிபந்தனை உள்ளவர்கள் மட்டும், படிவம் நிரப்பும் முன் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள்.