ஆல்பம்: தொகுப்பா, கோவையா?

"இது அவருடைய பழைய தொகுப்புகளிலிருந்து தொகுத்த தொகுப்பு அல்ல, முழுக்கப் புதிய தொகுப்பு."

இப்படி ஒரு வாக்கியம் என் பெயரில் அச்சாகியிருக்கிறது. நான் எழுதியது இதுவல்ல. 2020இல் எனக்குத் துணையாக இருந்த ஆல்பங்களைப் பற்றி இங்கே மொரீசியசில் ஒரு பொங்கல் மலருக்கு நாலு பக்கம் எழுதிக் கொடுத்தேன். மலரைத் தொகுத்தவர் (அவருக்கு அந்தச் சொல் தகும்) 'ஆல்பம்' வந்த இடத்தில் எல்லாம் 'இசைத்தொகுப்பு' என்று மாற்றினார். அப்புறம் இடம் போதவில்லை என்று 'இசை'யையும் வெட்டிவிட்டார். மிச்சம் தொகுப்பு, தொகுப்பு, தொகுப்பு. பக்கத்தைப் பார்த்த என் தங்கை, "அண்ணா, எதைத் தொகுத்தாய்?" என்று கேட்டாள். அன்று முதல் இந்தச் சொல் எங்கே கேட்டாலும் எனக்குப் பல் கூசுகிறது.

மூலத்தை முதலில் முடித்துவிடலாம். லத்தீனில் 'ஆல்புஸ்' என்றால் வெள்ளை. ரோமில் அரசு அறிவிப்புகளை எழுதி வைத்த வெள்ளைப் பலகை 'ஆல்பும்'. பதினாறாம் நூற்றாண்டில் ஜெர்மன் மாணவர்கள் நண்பர்களிடமும் ஆசிரியர்களிடமும் நினைவுவரி வாங்கி வைத்த வெற்றுத்தாள் புத்தகத்துக்கு அந்தப் பெயர் போயிற்று. பிறகு புகைப்படம் ஒட்டும் புத்தகம், அதன்பின் இசைத்தட்டு. இங்கே நமக்குப் பிரெஞ்சு வாயில் 'அல்போம்', ஆங்கில வாயில் 'ஆல்பம்'. பீட்டில்ஸ் 1968இல் வெறும் வெள்ளை அட்டையில் வெளியிட்டதை உலகமே 'ஒயிட் ஆல்பம்' என்கிறது. வேரைப் பார்த்தால் 'வெள்ளை வெள்ளை'.

இசைக்கு அந்தப் பெயர் ஏன் வந்தது என்பதை நான் கையால் தொட்டிருக்கிறேன். ரோஸ் ஹில்லில் தாத்தா வீட்டு அலமாரியில் கனத்த அட்டை போட்ட ஒரு புத்தகம் இருந்தது. உள்ளே எழுத்து கிடையாது; பழுப்புக் காகித உறைகள்தான் பக்கங்கள். ஒவ்வோர் உறையிலும் நடுவில் வட்டமாக ஒரு துளை, தட்டின் பெயர்ச்சீட்டைப் படிப்பதற்கு. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் தட்டு; பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேலே ஓடும். நீளமான ஒரு சிம்பொனி என்றால் பல தட்டுகள் வேண்டும். எதற்குப் பிறகு எது என்று எண் போட்டுப் புத்தகமாகக் கட்டினார்கள். 1948இல் கொலம்பியா நிறுவனம் பக்கத்துக்கு இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும் நெடுந்தட்டைக் கொண்டுவந்ததும் புத்தகம் தேவையில்லாமல் போயிற்று, பெயர் மட்டும் நின்றுவிட்டது. தனித்தனித் தட்டுகளைச் செருகி விற்ற ஆல்பங்களும் உண்டுதான். அவற்றைத் தொகுப்பு என்றால் நான் சண்டைக்கு வரமாட்டேன்.

சண்டை வேறு. தொகுத்தல் என்றால் ஏற்கெனவே சிதறிக் கிடப்பதைத் திரட்டுவது. எட்டுத்தொகைக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. பாடியவர் வேறு, தொகுத்தவர் வேறு, தொகுப்பித்தவர் வேறு. ஐங்குறுநூற்றை ஐந்து புலவர்கள் பாடினார்கள், கூடலூர் கிழார் தொகுத்தார், மாந்தரஞ்சேரல் இரும்பொறை தொகுப்பித்தான். இன்றைய இசைக் கம்பெனிகள் ஒரு பாடகரின் பழைய வெற்றிப் பாடல்களைத் திரட்டிப் போடும் வேலை இதே ரகம். அதற்குத் தொகுப்பு என்று பெயர் வைத்தால் அச்சாகப் பொருந்தும். அதே சொல்லைப் புது ஆல்பத்துக்கும் கொடுத்துவிட்டால் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? மேலே மேற்கோளில் இருக்கும் வாக்கியம் மாதிரித்தான் பிரிக்க வேண்டும்.

அணியிலக்கண நூலான தண்டியலங்காரம் இதை எப்போதோ பிரித்து வைத்துவிட்டது. செய்யுள் நான்கு வகை: முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை. தனியாக நின்று பொருள் முடிவது முத்தகம். பல பாட்டு சேர்ந்து ஒரே வினையில் முடிவது குளகம். திரட்டியது தொகைநிலை. ஒன்றோடொன்று தொடர்ந்து செல்வது தொடர்நிலை. இதை நான் சொன்னபோது ஒரு தமிழாசிரியர், "ஒருவரே பாடியதும் தொகைநிலை ஆகலாம் என்று அதே நூல் சொல்கிறதே தம்பி" என்று மடக்கினார். சரி, சொல்கிறது. ஆனால் என் கேள்வி எத்தனை பேர் பாடினார்கள் என்பது அல்ல. மூன்றாவது பாட்டை எடுத்து எட்டாவது இடத்தில் வைத்தால் ஏதாவது கெடுகிறதா? கெடாவிட்டால் தொகை. கெட்டால் அதற்கு வேறு பெயர் வேண்டும்.

நான் எழுதிய 2020 ஆல்பங்களிலேயே இதற்குச் சான்று இருக்கிறது. மார்ச் மாதம் ஊரடங்கு வந்தது. ஏப்ரலில் கடைகளைத் திறந்தபோது குடும்பப் பெயரின் முதலெழுத்தைப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். எங்களுடையது கடைசி எழுத்துக் கூட்டம், புதனும் சனியும். அந்த வரிசையில் காதில் மாட்டிக்கொண்டு நின்றது அமெரிக்கப் பாடகி ஃபியோனா ஆப்பிள் ஏப்ரல் 17 அன்று வெளியிட்ட ஆல்பம். பெரும்பாலும் தன் வீட்டிலேயே பதிவு செய்தது. நாய்கள் குரைப்பதுகூட உள்ளே இருக்கிறது. எங்கள் தெருநாய் குரைக்கிறது என்று நான் இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன்.

ஜூலை 24 அன்று டெய்லர் ஸ்விஃப்டின் 'ஃபோக்லோர்'. மறுநாள்தான் வகாஷியோ என்ற சரக்குக் கப்பல் எங்கள் தீவின் பாறைத்திட்டில் ஏறியது. ஆகஸ்ட் 6 முதல் எண்ணெய் கசிய, மாஹெபூர் பக்கம் போய், எண்ணெயைத் தடுக்கும் மிதவைகளுக்காகக் கரும்புச் சோகையைத் துணியில் அடைத்துத் தைக்கும் கூட்டத்தில் நானும் உட்கார்ந்தேன். கை தார் போல் கறுத்திருந்ததால் போனைத் தொட்டு அடுத்த பாட்டுக்குத் தாவ முடியாது. போட்ட வரிசையிலேயே முழுதாகக் கேட்டாக வேண்டும். அப்போதுதான் பிடிபட்டது. அதில் 2ஆம், 8ஆம், 14ஆம் பாட்டுகள் ஒரே முக்கோணக் காதலை மூன்று பேர் வாயால் சொல்கின்றன: முதலில் காதலி, அடுத்து இன்னொருத்தி, கடைசியில் மன்னிப்புக் கேட்டு வரும் பையன். தலைவி கூற்று, மற்றவள் கூற்று, தலைவன் கூற்று. அகப்பாட்டு படித்த நமக்கு இது புதிதா என்ன! சரியாக ஆறாறு பாட்டு இடைவெளி. இதையா 'தொகுப்பு' என்பது?

கூற்றுகளை நிரல்படக் கோத்த நூலுக்குத் தமிழில் கோவை என்று பெயர். மாணிக்கவாசகரின் திருக்கோவையார் 400 பாட்டு. ஒவ்வொன்றையும் தனியாகச் சுவைக்கலாம், வரிசையாகப் படித்தால் முதல் சந்திப்பிலிருந்து இல்லறம் வரை ஓடுகிறது. கோத்தது கோவை, மணி தெரியும், நூலும் உள்ளே இருக்கும். ஆகவே ஆல்பத்துக்கு என் சொல் இசைக்கோவை.

குறை இல்லாமல் இல்லை. இலங்கையில் அலுவலகக் கோப்பும் கோவைதான். தமிழ்நாட்டில் அது ஒரு மாநகரம், கொடியில் காய்ப்பதும் அதுவே. ஆனால் முன்னால் 'இசை' நிற்கும்போது யாரும் காய்கறிக்கடைக்குப் போகமாட்டார்கள். 'இசைப்பேழை' என்றும் எழுதுகிறார்கள். ஒலிநாடா பெட்டியில் வந்த காலத்தில் 'ஒலிப்பேழை' அழகான சொல். இன்று பெட்டி எங்கே? பேழை என்றதும் எனக்கு நோவா ஞாபகம்தான் வருகிறது.

'தொகுப்பு' என்று எழுதுகிறவர்களின் கஷ்டம் வேறு என்று நினைக்கிறேன். பிறமொழியில் ஐந்து சொல் இருந்தால் ஐந்தையும் ஒரே இழுப்பறையில் போட்டு மூடிவிடுகிறார்கள். கவிதை நூல் தொகுப்பு, திரட்டு நூலும் தொகுப்பு. படத்தை வெட்டி ஒட்டுபவர் தொகுப்பாளர், தொலைக்காட்சியில் சிரித்துப் பேசும் பெண் தொகுப்பாளினி. அவர் எதைத் தொகுக்கிறார்? மொரீசியஸ் ரூபாய்த் தாளில் தமிழ் இந்திக்குக் கீழே போனதற்கு 1998இல் கொதித்து, தாளையே திரும்பப் பெற வைத்த ஊர் இது. எழுத்தின் இடத்துக்கு வந்த ரோஷம் சொல்லின் பொருளுக்கும் வரலாமே.

'ஆல்பம்' என்றே விட்டால் என்ன என்று கேட்பீர்கள். பேச்சில் நானும் அப்படித்தான் சொல்கிறேன், கல்யாண ஆல்பம் உட்பட. ஆனால் சென்னையில் அந்தச் சொல்லும் இப்போது கெட்டுப்போயிற்று. சினிமாவில் வராத ஒற்றைப் பாட்டை 'ஆல்பம் பாட்டு' என்கிறார்கள். எந்த ஆல்பத்தில் இருக்கிறது என்று கேட்டால், எதிலும் இல்லை, அதனால்தான் ஆல்பம் பாட்டு! முத்தகத்துக்குத் தொடர்நிலை என்று பெயர் வைத்த கதை. அதே சென்னையில்தான் இளையராஜா 1986இல் படம் எதுவும் இல்லாமல் பாஹ்ஹையும் தியாகராஜரையும் ஒரே நூலில் கோத்து ஓர் ஆல்பம் தந்தார். அதற்கு அவர் வைத்த பெயர் 'ஹவ் டு நேம் இட்', அதாவது இதற்கு எப்படிப் பெயர் வைப்பது.

இதையெல்லாம் சுருக்கி மலர்க்காரருக்கு எழுதி, அடுத்த மலரில் ஒரு திருத்தம் போடச் சொன்னேன். பெருந்தன்மையாக ஒப்புக்கொண்டார். போன மாதம் மெய்ப்பு வந்தது. "2020இன் சிறந்த இசைக்கோவைத் தொகுப்புகள்" என்று இருக்கிறது.